ஸ்கேன் சுத்தம், வலி மட்டும் போகவில்லை: அதிர்ச்சி உடம்பில் எங்கே தங்குகிறது?

பிப்ரவரி 3, இரவு 10.15 / கேட்டவர்

விபத்து, தாக்குதல், சின்ன வயசுல வாங்கின அடி உதை எல்லாமே தசையில போய் உட்கார்ந்துக்குமாம். இடுப்புத் தசையைச் சரியா அழுத்தி விட்டா தேங்கிக் கிடந்த அதிர்ச்சி அழுகையா வெளிய வந்துடுமாம், வலியும் அதோட போயிடுமாம். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாத வலிக்கெல்லாம் இதுதான் காரணம்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. எலும்பு கூடி, தையல் பிரிச்சு ரெண்டு வருஷம் ஆன இடம் இன்னும் வலிச்சா வேற என்ன விளக்கம் இருக்கு?

பிப்ரவரி 3, இரவு 11.40 / வலிப்பிரிவு

தங்குகிறது என்பது சரி. தசையில் என்பது தவறு. தசைக்கு ஞாபகம் கிடையாது. இறுகு என்று மேலிருந்து கட்டளை வந்தால் இறுகும், கட்டளை நின்றால் தளரும். மாதக்கணக்காக விறைத்துக் கிடந்த கழுத்தும் தோளும் முழு மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களில் ஈரத்துணி போலத் தொய்ந்துவிடும். மயக்கம் தெளிந்ததும் திரும்ப இறுகும். தேங்கியது தசையில் என்றால் இப்படி நடக்காது.

தங்குவது நரம்பு மண்டலத்தில். முதல் இடம் தண்டுவடம். வலிச் செய்தியைக் கொண்டு வரும் நரம்பிழைகள் இரண்டு வகை. மெல்லிய உறை போட்ட ஏ-டெல்டா இழை வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். உறையில்லாத சி இழை 0.5 முதல் 2 மீட்டர்தான். கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுள்ளென்று ஒன்று, கொஞ்சம் கழித்து விண்விண்ணென்று இன்னொன்று வருவது இதனால்தான். இந்தச் சி இழைகள் மூன்று வினாடிக்கு ஒரு தடவை என்ற கணக்கைத் தாண்டி விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், தண்டுவடத்தின் பின்கொம்பில் (வலிச் செய்தி முதலில் வந்து சேரும் பின்பகுதி) உள்ள அடுத்த நரம்பணு ஒவ்வொரு தட்டுக்கும் முன்னைவிடப் பலமாகப் பதில் தரத் தொடங்கும். தட்டு அதே அளவு, பதில் மட்டும் ஏறும். தட்டுவது நின்ற பிறகும் அந்த அணு உஷாராகவே இருக்கலாம். கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983-ல் இதைக் காட்டினார். நடுநரம்பு மண்டலக் கூருணர்வு என்று சொல்வது இதைத்தான். போர்வை பட்டாலே எரிகிறது, சட்டைக் காலர் உரசினாலே வலிக்கிறது என்பவர்களுக்குத் தோலில் கோளாறு தேட வேண்டியதில்லை. ஒலிப்பெருக்கியின் திருகு மேலே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது இடம், அந்தத் திருகைப் பிடித்திருக்கும் மூளை.

பிப்ரவரி 4, அதிகாலை 12.20 / வலிப்பிரிவு

மேலே பாதியில் நிறுத்திவிட்டேன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைகள் வலியைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, மேலிருந்தும் கீழிருந்தும் அதைத் திறக்கலாம், மூடலாம் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-ல் எழுதினார்கள். விவரங்களில் பல பிறகு மாறின. மேலிருந்து கட்டுப்பாடு உண்டு என்ற அடிப்படை நின்றுவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பலத்த காயம்பட்ட வீரர்களைப் பற்றி ஹென்றி பீச்சர் 1946-ல் எழுதினார். நினைவு தெளிவாக இருந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் அந்த நேரத்தில் வலிமருந்து வேண்டும் என்று சொல்லவில்லை. உயிர் பிழைத்தோம், போர்முனையை விட்டுப் போகிறோம் என்ற நிலையில் அதே அளவு காயம் வேறு மாதிரி உணரப்படுகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘ஆபத்து இன்னும் முடியவில்லை’ என்று மூளை கணக்குப் போட்டு வைத்திருந்தால் சின்ன உறுத்தலும் பெரிய வலியாகும். அதிர்ச்சிக்கும் நீடித்த வலிக்கும் முடிச்சு விழுவது இங்கேதான்.

பிப்ரவரி 4, காலை 7.05 / இயன்முறை (பிசியோதெரபி)

மயக்க மருந்து உதாரணத்துல ஒரு ஓட்டை. அடிபட்ட இடத்தைக் காக்கறதுக்காக, காவலுக்கு இறுகின தசைதான் தொய்யும். மாசக்கணக்கா அசைக்காம வெச்ச மூட்டுல உறையே சுருங்கிப் போயிருந்தா மயக்கத்துலயும் அசையாது. உறைஞ்ச தோள்பட்டை அப்படித்தான். ‘எல்லாம் நரம்புதான்’னு சொல்லி அந்த ஆளை மூச்சுப்பயிற்சிக்கு அனுப்பிடாதீங்க. கையில புடிச்சு அசைச்சுப் பாருங்க: பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பினதும் இன்னும் கொஞ்சம் தூரம் போகுதுன்னா அது காவல். என்ன பேசினாலும் ஒரே இடத்துல டக்குனு நின்னா மூட்டைப் பாருங்க.

பிப்ரவரி 4, காலை 8.30 / வலிப்பிரிவு

ஒப்புக்கொள்கிறேன். ‘காவல் இறுக்கம்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 4, இரவு 9.10 / கேட்டவர்

சரி, தசையில இல்லைன்னே வெச்சுக்குவோம். அழுத்தி விடறப்ப அழுகை வருதே, அது பொய்யா?

பிப்ரவரி 4, இரவு 10.50 / வலிப்பிரிவு

அழுகை பொய்யில்லை, அதற்குச் சொல்லும் காரணம்தான் பொய். குப்புறப் படுத்திருக்கிறீர்கள், முதுகுக்குப் பின்னால் யாரென்று தெரியாது, பழைய அடி பட்ட இடத்தில் ஒரு கை. ஞாபகத்தைத் தூண்ட இத்தனை குறிப்புகள் போதும். தூண்டப்பட்ட ஞாபகம் அழுகையாக வரும். அழுத பிறகு சில மணி நேரம் லேசாக இருக்கும். அதனால் உள்ளே இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஆகாது. மறுவாரம் அதே அழுகை, அதே இடம், அதே கட்டணம். பத்துத் தடவை ஆன பிறகும் ‘இன்னும் ஆழத்தில் இருக்கிறது’ என்கிறார்கள் என்றால் கிணறு ஆழம் என்பதால் இல்லை, தோண்டுகிற இடமே தப்பு.

தொட்டுச் செய்யும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்பவர் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எங்கே தொடப்போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டிச் சொல்லிக் கேட்பது. கதவு கண்ணுக்குத் தெரியும்படி படுக்க வைப்பது, முடியாவிட்டால் உட்கார வைத்தே செய்வது. கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம் என்று ஒப்புக்கொள்வது, முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு தடவை உயர்த்தச் சொல்லி நிறுத்திக் காட்டுவது. நான்காவது: ஆள் திடீரென்று அமைதியாகி, கூப்பிட்டால் தாமதமாகப் பதில் சொன்னால், ‘நன்றாகத் தளர்ந்துவிட்டார்’ என்று நினைத்துத் தொடரக் கூடாது. அது உறைந்து போன நிலையாக இருக்கலாம்.

உறைவது பற்றி ஒரு வரி. சண்டை அல்லது ஓட்டம் என்று 1915 வாக்கில் வால்டர் கேனன் எழுதியதையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் வழியில்லாதபோது உடம்பு அசைய மறுக்கும், குரல் எழும்பாது. அதை ஆள் தேர்ந்தெடுப்பதில்லை. ‘ஏன் கத்தவில்லை?’ என்று பிற்பாடு கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியே இரண்டாவது காயமாகிவிடுகிறது.

பிப்ரவரி 6, இரவு 11.15 / வலிப்பிரிவு

பதற்றம் பற்றிக் கேட்டு வந்தவர்களுக்குச் சேர்த்து.

அபாயம் என்று பட்டதும் சில வினாடிகளில் அட்ரினலின். இதயம் அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அதற்குப் பின்னால் மெதுவாக வருவது கார்டிசால். மூளையின் ஹைப்போதலாமஸ், அதன் கீழே பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று மூன்று கை மாறி வருவதால் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். போதுமான அளவு வந்ததும் கார்டிசாலே மேலே போய் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும். நல்ல ஏற்பாடு. மணி அடித்தபடியே இருந்தால்தான் தேய்மானம். அந்தத் தேய்மானத்துக்கு மெக்இவனும் ஸ்டெல்லரும் 1993-ல் வைத்த பெயரைத் தழுவல் சுமை என்று சொல்லலாம். நீண்ட அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குக் கார்டிசால் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொன்று, கற்றல் பரவுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை ஆய்வுக்கூடத்திலும் காட்டலாம். ஒரு ஒலியோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால் பக்கத்து ஒலிகளுக்கும் உடம்பு துள்ளும். விபத்தில் சிக்கியவருக்கு முதலில் அந்த வண்டி, பிறகு அந்தச் சாலை, பிறகு எல்லாச் சாலையும், கடைசியில் ரப்பர் கருகும் வாசனை.

பிப்ரவரி 7, காலை 6.40 / வலிப்பிரிவு

நேற்றைய கார்டிசால் வரியைத் திருத்துகிறேன். ‘எப்போதும் கூடுதலாகவே இருக்கும்’ என்பது தவறு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி உள்ளவர்களில் பல ஆய்வுகள் குறைந்த கார்டிசாலைக் கண்டன. ரேச்சல் யெஹூதாவின் விளக்கம்: ‘போதும்’ என்ற செய்திக்கு மூளை அளவுக்கு மீறிக் காது கொடுக்கிறது, அதனால் சுரப்பு சீக்கிரம் நின்றுவிடுகிறது. எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆக, எச்சில் எடுத்துக் கார்டிசால் பார்த்து ‘உங்களுக்கு அதிர்ச்சி இவ்வளவு’ என்று சீட்டு எழுதித் தரும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். காலையில் எடுத்தால் ஓர் எண், மாலையில் எடுத்தால் வேறு எண்.

பிப்ரவரி 7, மதியம் 1.30 / கேட்டவர்

மூச்சுப் பயிற்சி சொல்றாங்களே, செஞ்சா பதற்றம் கூடுது. ஏன்?

பிப்ரவரி 7, இரவு 9.45 / வலிப்பிரிவு

பெரும்பாலும் மூன்று தப்பில் ஒன்று.

ஒன்று, ‘ஆழமாக இழு’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவர் இன்னும் ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். வாயைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் ஊசி குத்தல், தலை கிறுகிறுப்பு, சில பேருக்குக் கைவிரல் மடங்கி இறுகிவிடும். அதைப் பார்த்து மாரடைப்பு என்று பயந்து இன்னும் இழுப்பார்கள். வேண்டியது ஆழமல்ல, வேகக் குறைவு. நிமிடத்துக்கு 6 மூச்சு: 4 வினாடி மூக்கால் உள்ளே, 6 வினாடி வெளியே. இழுப்பது சாதாரண அளவே. வெளிமூச்சில்தான் இதயம் மெதுவாகிறது, அதனால்தான் அது நீளம். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய உபாயம் வேண்டாம். உண்மையில் இதயம், நுரையீரல் கோளாறு இருந்தால் ஆபத்து.

இரண்டு, பதற்றம் வந்தபோது மட்டும் செய்வது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. அமைதியாக இருக்கும்போது தினம் இரண்டு வேளை ஐந்தைந்து நிமிடம், இரண்டு வாரம்.

மூன்று, கண்ணை மூடச் சொல்வது. அதிர்ச்சிக்கு ஆளான பலருக்குக் கண்ணை மூடித் தளர்வது என்றால் காவலைக் கைவிடுவது. தளரத் தளரப் பயம் ஏறும். கண்ணைத் திறந்தபடி, முதுகு சுவரில் பட, ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு செய்யட்டும். மூச்சைக் கவனித்தாலே பதறுபவர் பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கட்டும்.

பிப்ரவரி 7, இரவு 10.20 / இயன்முறை

நாலாவது ஒண்ணு. ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழற ஆளுக்குத் தளர்ச்சிப் பயிற்சி கொடுத்தா இன்னும் சீக்கிரம் விழுவார் :) அவங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கறதுதான் பிரச்சனை. கை, தொடை, வயிறு எல்லாத்தையும் 10-15 வினாடி இறுக்கிப் புடிச்சு முகம் சூடாகிற வரைக்கும் வெச்சிருக்கணும், அப்புறம் 20-30 வினாடி விடணும், அஞ்சு தடவை. விடறப்ப முழுசா தளர வேணாம், சாதாரண நிலைக்கு வந்தா போதும். சுவீடன்ல ஊஸ்ட் கொண்டு வந்த முறை.

பிப்ரவரி 10, இரவு 8.00 / இயன்முறை

வலியும் அதிர்ச்சியும் ஒண்ணை ஒண்ணு எப்படித் தூக்கிப் புடிக்குதுன்னு ஷார்ப்பும் ஹார்வியும் 2001-ல எழுதினாங்க. வலி வந்தா விபத்து ஞாபகம் வருது. ஞாபகம் வந்தா உடம்பு இறுகுது, அதுல வலி கூடுது. ரெண்டுக்கும் பயந்து ஆள் அசையறதையே விட்டுடறார். அசையாததுல தசை மெலியுது, தூக்கம் கெடுது, அடுத்த நாள் அதே வேலை இன்னும் வலிக்குது. எங்க வெட்டினாலும் வட்டம் தளரும். என் பக்கத்துல வெட்டறது அசைவை.

நிறைய பேர் பண்றது என்ன? நல்ல நாள் வந்தா விட்டதை எல்லாம் சேர்த்துப் புடிக்கறது, அடுத்த மூணு நாள் படுக்கை. வலியைப் பார்த்து வேலையை நிறுத்தினா, ‘வலிதான் முதலாளி’ன்னு மூளை கத்துக்கும். அதனால கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தணும்.

அளவு எப்படி எடுக்கறது: நிக்கறதோ நடக்கறதோ ஒரே ஒரு வேலையை எடுங்க. அஞ்சு நாள், வலி நல்லாக் கூட ஆரம்பிக்கற வரைக்கும் எத்தனை நிமிஷம்னு குறிங்க. 12, 20, 8, 15, 10-ன்னு வந்தா கூட்டி அஞ்சால வகுத்தா 13. அதுல 80 சதவீதம், கிட்டத்தட்ட 10 நிமிஷம். இதுதான் ஆரம்பம். கெட்ட நாளும் 10, நல்ல நாளும் 10. நல்ல நாள்ல நிறுத்தறதுதான் கஷ்டம், அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. ஒரு வாரம் தாங்கினா 10 சதவீதம் ஏத்தி 11. வலி எகிறிடுச்சுன்னா பூஜ்யத்துக்குப் போகாம ஒரு படி மட்டும் இறங்குங்க. ரெண்டு நாள்ல பழைய நிலைக்குத் திரும்பினா அது எகிறல், சேதம் இல்லை.

பிப்ரவரி 10, இரவு 11.30 / வலிப்பிரிவு

என் பக்கத்தில் வெட்டுவது ஞாபகத்தை.

பிடிஎஸ்டி-க்கு நல்ல ஆதாரம் உள்ள முறைகளில் ஒன்று ஈட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல். 8 முதல் 15 அமர்வு, பெரும்பாலும் ஒவ்வொன்றும் 90 நிமிடம். நடந்ததை நிகழ்காலத்தில் வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள், ஒலிப்பதிவு செய்து வீட்டில் தினம் கேட்கச் சொல்வார்கள். இன்னொரு பக்கம், தவிர்க்கும் இடங்களை 0 முதல் 100 வரை பயக் கணக்குப் போட்டு ஏணியாக அடுக்குவது. விபத்து என்றால்: நின்ற வண்டியில் எஞ்சின் அணைத்து உட்காருவது 35, எஞ்சின் ஓட உட்காருவது 45, காலியான தெருவில் பக்கத்து இருக்கையில் போவது 60, தானே ஓட்டுவது 80, விபத்து நடந்த இடத்தைக் கடப்பது 95. தொடங்குவது 40 பக்கம். கீழே தொடங்கினால் கற்க ஒன்றுமில்லை, மேலே தொடங்கினால் ஓடிவிடுவார், ஓடினால் பயம் ஒரு சுற்றுப் பருக்கும்.

பயம் பாதியாகும் வரை அங்கேயே இரு என்பது பழைய விதி. இப்போது அதைவிட முக்கியமாகச் சொல்வது, போகும் முன் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்’ என்பதை எழுதி வாங்கி, திரும்பியதும் நடந்ததோடு ஒப்பிடுவது. எதிர்பார்ப்பு பொய்க்க வேண்டும், அதுதான் பாடம். பயம் இறங்காவிட்டாலும் பாடம் நடந்திருக்கலாம்.

தப்பு நடக்குமிடம்: கையில் தண்ணீர்ப் பாட்டில், பையில் மாத்திரை, பக்கத்தில் துணை என்று கவசங்களோடு போவது. ‘பிழைத்தது பாட்டிலால்’ என்று மூளை எழுதிக்கொள்ளும். ஐந்து பொருளைப் பார், நான்கைத் தொடு, மூன்றைக் கேள் என்ற தரையூன்றல் பயிற்சியும் இப்படிக் கவசமாகிவிடும். ஆள் நினைவு விலகிப் போகும்போது இழுத்து வர அது நல்லது. ஒவ்வொரு படபடப்புக்கும் அதையே பிடித்தால் தவிர்ப்புக்கு இன்னொரு பெயர்தான்.

இன்னொன்று முக்கியம். பழைய பயப்பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது. பாவ்லோவ் காலத்திலேயே தெரிந்தது: அணைந்த எதிர்வினை சில நாள் இடைவெளி விட்டால் தானே தலைகாட்டும். புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், பழையது எங்கும் வரும். ஆகவே ஆலோசகர் அறையில் மட்டும் தைரியம் வந்தால் போதாது; வேறு இடம், வேறு நேரம், தூக்கம் கெட்ட நாள் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பயம் திரும்பினால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை, எதிர்பார்த்த விருந்தாளிதான்.

பிப்ரவரி 11, காலை 7.50 / கேட்டவர்

கண்ணை இப்படி அப்படி அசைக்கற முறை?

பிப்ரவரி 11, காலை 8.10 / வலிப்பிரிவு

ஈஎம்டிஆர். பிடிஎஸ்டி-க்கு வேலை செய்கிறது. கண் அசைவதால்தானா, ஞாபகத்தை மனத்தில் பிடித்திருப்பதாலா என்பதில் சண்டை ஓயவில்லை.

பிப்ரவரி 13, இரவு 10.00 / மருந்தாளர்

மருந்துப் பக்கம் யாரும் எழுதவில்லை, சுருக்கமாக.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அழுத்த அறிகுறிகளுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் சொன்னது. அன்றிரவு தூங்க வைக்கும், பிடிஎஸ்டி-யைத் தடுக்காது, பழக்கமாகும். ஏற்கெனவே மாதக்கணக்காகச் சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டு நாளை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பிடிஎஸ்டி-க்கு அமெரிக்க மருந்துத் துறை அனுமதி பெற்றவை செர்ட்ரலின், பராக்செட்டின். கெட்ட கனவுக்கு ரத்த அழுத்த மருந்தான பிராசோசின் கொடுப்பார்கள். 2018-ல் வந்த பெரிய சோதனையில் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை, சிலருக்கு உதவுகிறது என்று இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் தொடங்குவது வழக்கம். படுக்கும்போது போட்டால் காலையில் தலை கனக்கும், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டால் குறையும். வாய் உலரும், மலம் இறுகும். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் டுலாக்செட்டினோடு வலிமருந்தான டிரமடாலைச் சேர்ப்பதில் கவனம், செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிகைக்கலாம்.

பிப்ரவரி 14, இரவு 11.05 / வலிப்பிரிவு

கேட்டவர் தனிச்செய்தியில் அனுப்பிய ஆய்வு பற்றி. ஆஷரும் மற்றவர்களும் செய்தது, நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 151 பேர். ‘இந்த வலி ஆபத்தின் அறிகுறியில்லை, மூளையின் தவறான எச்சரிக்கை’ என்று நான்கு வாரம் பயிற்றுவித்த குழுவில் 66 சதவீதம் பேருக்கு வலி இல்லை அல்லது இல்லாத அளவு. போலி ஊசி போட்ட குழுவில் 20, வழக்கமான கவனிப்பில் 10. பெரிய வித்தியாசம்தான். சேர்க்கப்பட்டவர்கள் மிதமான வலிக்காரர்கள், கல்வியும் சுறுசுறுப்பும் உள்ளவர்கள், போலி ஊசி என்பது அவர்களுக்கே சொல்லப்பட்டது. எல்லோருக்கும் 66 என்று விளம்பரம் போடுபவரை நம்பாதீர்கள்.

பிப்ரவரி 14, இரவு 11.50 / வலிப்பிரிவு

இந்த உரையாடல் இழை எங்கோ போகிறது, இருந்தாலும் ஒன்று. இந்தச் சண்டை புதிதில்லை. ரயில் விபத்தில் வெளிக்காயம் இல்லாமல் பிழைத்து மாதக்கணக்காக முதுகுவலி, நடுக்கம், தூக்கமின்மை என்று வந்தவர்களைப் பற்றி 1866-ல் அறுவை மருத்துவர் எரிக்சன் எழுதினார். தண்டுவடம் குலுங்கியதால் என்றார். நஷ்டஈட்டுக்கு நடிப்பு என்று ரயில் நிறுவனங்களின் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். 1871-ல் டா காஸ்டா போர்வீரர்களின் ‘எரிச்சல்பட்ட இதயம்’ பற்றி எழுதினார். 1915-ல் மையர்ஸ் குண்டதிர்ச்சி என்றார், குண்டு பக்கத்தில் வெடிக்காதவர்களுக்கும் அது வந்தது. பிடிஎஸ்டி என்ற பெயர் ஏறியது 1980-ல். உடம்பா, நடிப்பா என்று நூறு வருஷத்துக்கு மேல் கேட்டோம். வலி என்பதற்கான சர்வதேச வரையறை 1979-லிருந்தே ‘உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம்’ என்று இரண்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. திசுச் சேதமோ நரம்புச் சேதமோ தெளிவாகக் காட்ட முடியாத வலிக்கு 2017-ல் தனி வகையே வந்தது.

பிப்ரவரி 16, காலை 7.15 / இயன்முறை

எல்லா வலிக்கும் அதிர்ச்சியைக் காரணம் சொல்ற ஆளுங்க இந்த இழையைப் படிக்கறதால சொல்லிடறேன். முதுகுவலியோட சிறுநீர் வராம நிக்கறது அல்லது தெரியாம போறது, பிறப்புறுப்பைச் சுத்தி மரத்துப் போறது, கால் பலம் குறைஞ்சுக்கிட்டே போறது: அன்னிக்கே மருத்துவமனை, மறுநாள் கிடையாது. காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி புற்றுநோய் இருந்தது, படுத்தாலும் தணியாத ராத்திரி வலி: இதெல்லாம் சீக்கிரம் பார்க்கணும். பிடிஎஸ்டி இருக்கற ஆளுக்கும் வட்டு பிதுங்கும்.

பிப்ரவரி 16, இரவு 9.30 / வலிப்பிரிவு

மறுபக்கமும் உண்டு. சிறுவயதுத் துன்பங்களைப் பத்துக் கேள்வியில் எண்ணும் பட்டியல் இணையத்தில் சுற்றுகிறது. ஃபெலிட்டி, ஆண்டா 1998-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் நோய் வாய்ப்பு கூடுகிறது என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. ஒரு தனி ஆளின் தலையெழுத்தை அதில் படிக்க முடியாது. ஒரு தடவை நடந்ததும் நூறு தடவை நடந்ததும் அதில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் பட்டியலை இப்படித் தனி ஆளுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வாழ்நாளில் அதிர்ச்சி தரும் நிகழ்வுக்கு ஆளாகிறவர்கள் 70 சதவீதம். அவர்களில் பிடிஎஸ்டி வருவது 5.6 சதவீதம். முதல் வாரங்களில் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்குத் தானாக அடங்கும். நிகழ்வு நடந்த மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை விவரமாகச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு பயன் தரவில்லை, கைவிடப்பட்டது. முதலில் வேண்டியது பாதுகாப்பு, தூக்கம், சொந்தங்களோடு தொடர்பு, வலி இருந்தால் அதற்குச் சரியான மருந்து. ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் பிசிஎல்-5 என்ற படிவம்: 20 கேள்வி, 0 முதல் 4, மொத்தம் 80. 31-33 தாண்டினால் நேரில் மதிப்பிட வேண்டும் என்று பொருள், அதுவே நோய் முடிவு ஆகாது.

பிப்ரவரி 18, இரவு 10.40 / கேட்டவர்

டாக்டர்கிட்ட போறப்ப என்ன சொல்லணும்? ‘மனசுதான்’னு ஒரு வார்த்தையில அனுப்பிடறாங்க.

பிப்ரவரி 18, இரவு 11.30 / வலிப்பிரிவு

ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி எங்கே, எத்தனை மாதம், எதில் கூடுகிறது. லேசாகத் தொட்டால் வலிக்கிறதா. எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை தடவை விழிப்பு. என்னென்ன செய்வதை விட்டுவிட்டீர்கள். சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு. கடைசி வரியில் ‘இது தொடங்கிய சமயத்தில் ஒரு மோசமான நிகழ்வு நடந்தது’ என்று மட்டும். விவரம் சொல்ல வேண்டிய கடமை இல்லை, அந்த ஒரு வரி போதும். எடுத்துக் கேட்பவர் கேட்பார். கேட்காமல் ‘மனசுதான்’ என்றால், ‘அப்படியானால் எந்தச் சிகிச்சை, எத்தனை அமர்வு, யாரிடம்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

பிப்ரவரி 19, காலை 6.30 / இயன்முறை

என் நிமிஷக் கணக்கை ரெண்டு பேர் தப்பாப் புரிஞ்சிருக்காங்க. 13-ல 80 சதவீதம் 10.4. அதைக் கீழ்ப்பக்கம்தான் முழுசாக்கணும், 11 ஆக்கக் கூடாது. அந்த அஞ்சு நாள்ல எல்லாமே நல்ல நாளா இருந்தா கணக்கு பொய். ஒரு கெட்ட நாளாவது விழற வரைக்கும் அளவெடுத்துட்டு அப்புறம் வகுங்க.